முதல் குண்டு பன்றிக்கு இல்லை

துப்பாக்கி வீட்டுக்கு வந்த அன்றைக்கே வெல்டர் அதைப் பின்பக்க ஜன்னலில் வைத்துத் தம்பியைக் குறி பார்த்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் தம்பி குழாயடியில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். வெல்டர் ஒரு கண்ணை மூடி, மூச்சை அடக்கி, விசையை இழுத்தான். துப்பாக்கியின் சுத்தி ‘டக்’கென்று விழுந்தது. குழலுக்குள் வெடிமருந்தும் இல்லை, குண்டும் இல்லை. சுத்தி விழுகிற இடத்தில் தோல் துண்டு ஒன்றையும் வைத்திருந்தான். இரும்பில் இரும்பு மோதிப் புதுத் துப்பாக்கி நசுங்கிவிடக் கூடாதாம். அந்த விஷயத்தில் மட்டும் ஆள் படு ஜாக்கிரதை.

“என்னங்க பண்றீங்க?” என்றாள் அவன் மனைவி. அவள் தையல்காரி. மிஷினில் உட்கார்ந்து யாருடைய கால்சட்டைக்கோ விளிம்பு அடித்துக்கொண்டிருந்தவள் மிதியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“கை பழகறேன்.”

“பழகறதுக்கு வேற திசையே கிடைக்கலையா?”

“முதல் குண்டு பன்னிக்கு இல்லடி. வேலி போட்டானே, அவனுக்கு.”

சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் அவள் விட்டிருப்பாள். அவன் சிரிக்கவில்லை. மறுபடி சுத்தியைப் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டு, தம்பி துண்டால் முகம் துடைத்து நிமிரும்வரை காத்திருந்து, இன்னொரு தடவை ‘டக்’.

அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. அப்பா செத்ததும் வீட்டுக்கு நடுவே மதில் வைத்துப் பிரித்தார்கள், நிலத்துக்கு நடுவே வரப்பு வைத்துப் பிரித்தார்கள். பிரிக்காமல் விட்டது கோபத்தை மட்டும்தான். அதை ஆளுக்கு முழுசாக எடுத்துக்கொண்டார்கள். போன விதைப்பின்போது தம்பி தன் பங்கைச் சுற்றிக் கம்பி வேலி போட்டான். அவன் நிலம், அவன் காசு, போடட்டும். ஆனால் வேலி போட்டதால் காட்டுப் பன்றிக்குப் பசி குறைந்துவிடுமா? முன்னே இரண்டு நிலத்திலும் பாதிப் பாதி மேய்ந்தவை, இப்போது கூட்டத்தோடு அண்ணன் மக்காச்சோளத்தில் இறங்கின. பன்றியை அண்ணன் பக்கம் திருப்பிவிடத்தான் தம்பி வேலியே போட்டான் என்று வெல்டர் முடிவு கட்டிவிட்டான். அவன் ஒன்றை முடிவு கட்டினால் அது அவன் பட்டறையில் பற்றவைத்த இரும்பு மாதிரி, அறுத்துத்தான் பிரிக்க வேண்டும்.

பயிர்க் காவலுக்கு என்று எழுதிக் கொடுத்து, நாயாய் அலைந்து லைசென்ஸ் வாங்கினான். குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்குத்தான் அனுமதி கிடைத்தது. ஆனால் வெறும் குழாய் வைத்த பழைய துப்பாக்கி இல்லை, குழலுக்குள் திருகுவரி வெட்டிய புது ரைஃபிள். அவன் வாழ்க்கையில் முதல் துப்பாக்கி.

கடைக்கு அவளையும் கூட்டிப்போயிருந்தான். கடைக்காரர் குள்ளமான, சிடுசிடுத்த மனிதர். பொருளை விற்பதற்கு முன்னால் வாங்குகிறவனுக்கு அதற்கு யோக்கியதை உண்டா என்று பார்க்கிற ரகம்.

“இதுக்கு முன்னாடி சுட்டிருக்கீங்களா?”

“பொழுதன்னைக்கும் இரும்போடதான் மல்லுக்கட்டறேன். இதென்ன, ஒரு குழாய்.”

“குழாய்னா தண்ணி வரும். இதுல குண்டு வரும். சொல்றதைக் காது குடுத்துக் கேளுங்க. மருந்தை இந்தப் பித்தளை அளவுலதான் அளந்து போடணும். கண்ணளவு, கையளவெல்லாம் அடுப்படியோட சரி. மருந்துக்கு மேல எண்ணெய் தடவின துணி, அதுமேல ஈயக்குண்டு. ரெண்டையும் சேர்த்துக் கம்பியால தள்ளணும், மருந்துமேல போய் உக்கார்ற வரைக்கும். நடுவுல நின்னுச்சுன்னா சுட்டுடாதீங்க, குழல் வெடிச்சு மூஞ்சி போயிடும். உக்காந்ததும் கம்பியில ஒரு கோடு கீறிக்கங்க. ஒவ்வொரு தடவையும் அந்தக் கோடு வரைக்கும் இறங்கணும், ஒரே அழுத்தமா. சுட்டப்புறம் ஈரத்துணியால ஒரு தடவை, காஞ்ச துணியால ஒரு தடவை உள்ள துடைக்கணும்.”

“துணி எதுக்கு?” என்று கேட்டது தையல்காரிதான்.

“நல்லாக் கேட்டீங்கம்மா. குழலுக்குள்ள திருகுவரி இருக்கு பாருங்க, குண்டு அந்த வரியைப் பிடிக்காது, துணிதான் பிடிக்கும். துணி வரியோட சுத்தும், குண்டு துணியோட சுத்தும். சுத்தினாத்தான் நேராப் போகும். துணி பொத்தலாப் போச்சுன்னா குண்டு அதுபாட்டுக்கு எங்கேயோ போகும். நெருக்கமா நெஞ்ச சுத்தப் பருத்தி, கஞ்சி போக அலசினது, அதான் வேணும். சுட்ட துணி கொஞ்ச தூரம் தள்ளி விழுந்து கிடக்கும். எடுத்துப் பாருங்க, தப்பு எங்கன்னு அதுலயே தெரியும். இன்னொண்ணு, ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. மருந்தைக் கூட்டினா துணியத் தொடாதீங்க. துணிய மாத்தினா குறியத் தொடாதீங்க. பொறுமை வேணும் சார், பொறுமை.”

வெல்டர் அதற்குள் துப்பாக்கியைத் தோளில் வைத்துத் தெருவில் போகிற சைக்கிளைக் குறி பார்க்கத் தொடங்கியிருந்தான். கடைக்காரர் சொன்னதில் பாதி அவன் காதில் விழுந்தது, பாதி சைக்கிளோடு போனது. முழுசாகக் கேட்டுக்கொண்டவள் அவள்தான்.

ஜன்னலில் அவன் செய்த வேலையைப் பார்த்த பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷன் கோபக்காரன் என்பது கல்யாணமான வாரமே தெரியும். தட்டை வீசுவான், கதவை உதைப்பான், பட்டறையில் முதலாளியையே எடுத்தெறிந்து பேசுவான். அதெல்லாம் சூடு ஆறினால் போய்விடும். துப்பாக்கிச் சூடு ஆறுமா? கொலைகாரன் பெண்டாட்டி என்று பெயர் வாங்க அவளுக்கு விருப்பமில்லை. யாரிடமாவது போய்ச் சொன்னால் லைசென்ஸ் போகும், அவன் அவளையும் சேர்த்துத் துரத்துவான். கெஞ்சினால் ஏறுவான். அழுதால் இன்னும் ஏறுவான்.

“நீ தையக்காரிதானே, துணி வெட்டிக் குடு,” என்று அவனே அந்த வேலையை அவள் கையில் கொடுத்தான். அது போதுமாயிருந்தது.

வெட்டுத் துணி மூட்டையை அவிழ்த்தாள். வெள்ளைப் பருத்தியில் வட்ட வட்டமாகக் கொஞ்சம், வெள்ளை டெரிகாட்டனில் கொஞ்சம். டெரிகாட்டன் பார்க்கப் பருத்தி மாதிரியே இருக்கும், நெருப்பைக் கண்டால் உருகி ஓட்டை விழும். எண்ணெயில் ஊறவைத்த பிறகு அவளுக்கே விரலால் தேய்த்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். எல்லாமே டெரிகாட்டனாக வெட்டவில்லை, அவள் அவ்வளவு அசடில்லை. எல்லாக் குண்டும் தப்பினால் மடையனும் காரணம் தேடுவான். நடுநடுவே ஒன்று நச்சென்று போய் அடித்தால், தப்பு தன் கையில்தான் என்று தலையில் அடித்துக்கொள்வான். இரண்டையும் கலந்து, பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு எண்ணெய் ஊற்றி மூடினாள்.

லீவு நாளில் கைவிட்ட கல்குவாரிக்குப் போவான். அவளும் போவாள், சோற்று டப்பாவோடும் துணி டப்பாவோடும். வெயில் பாறையில் பட்டுத் திரும்பி முகத்தில் அறையும். பழைய மேஜை ஒன்றைப் போட்டு, மேலே மணல் மூட்டை வைத்து, அதன்மேல் குழலைச் சாய்த்துக்கொள்வான். எதிரே மண்மேட்டில் வட்டம் போட்ட அட்டை. மருந்தை ஊற்றி, துணி வைத்து, குண்டு வைத்து, கம்பியை இறக்குவான். முதல் இரண்டு தடவை நிதானமாக இறக்குவான். அப்புறம் பொறுமை போய், உரலில் இடிக்கிற மாதிரி இடிப்பான். கம்பியில் கீறிய கோட்டை மறந்தே போவான்.

வெடித்ததும் வெள்ளைப் புகை மூடிக்கொள்ளும். அழுகின முட்டை நாற்றம் வரும். புகை விலகுகிறவரைக்கும் பொறுக்க மாட்டாமல் குனிந்து குனிந்து பார்ப்பான்.

“பட்டுதா?”

“நடுவுல பட்டிருக்கு.”

“பாத்தியா! யாரு நானு!”

அடுத்த குண்டு அட்டையிலேயே படாது.

“வெயில் கண்ணுல அடிக்குதுடி. நீ ஏன் அந்தப் பக்கம் நிக்கறே? நிழல் ஆடுது.”

“நான் பின்னாடிதான் நிக்கறேன்.”

“பின்னாடி நின்னாலும் மூச்சு விடறது கேக்குது.”

“மூச்சை நிறுத்திக்கட்டுமா?”

“வாய நிறுத்து, போதும்.”

மருந்தைக் கூட்டினான். அதே கையோடு குண்டின் அளவையும் மாற்றினான். அதுவும் போதாமல் அரத்தை எடுத்துக் குழல் நுனியில் துருத்தி நிற்கிற முன்குறியைத் தேய்த்தான். ஒரே நேரத்தில் மூன்றையும் மாற்றினால் எது கெட்டது, எது தேறியது என்று எந்தக் கொம்பனுக்குத் தெரியும்? வயிறு சரியில்லாதவன் எல்லா மாத்திரையையும் ஒன்றாக விழுங்கின கதைதான். முன்குறி தேய்ந்து குட்டையானதும் குண்டெல்லாம் மேலே ஏறியது. அதற்கும் அவளைத்தான் திட்டினான். அவள் சோற்றைப் போட்டு வைத்தாள். கரிபடிந்த கையோடு தின்றான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

மக்காச்சோளம் கதிர் வைத்துப் பால் பிடித்தபோது பன்றிகள் வந்தன. அந்தி சாயும் நேரம், வரப்போரத்தில் காத்திருந்து வெல்டர் சுட்டான். பெரிய பன்றி, எதிரே வண்டி நிற்கிற மாதிரி நின்றது. குண்டு எங்கே போனதோ, பன்றி கொஞ்சம் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த கதிரை முறித்தது. அவன் மறுபடி மருந்து ஊற்றி, துணி வைத்துக் கெட்டிப்பதற்குள் அவை சாவகாசமாகத் தின்றுவிட்டுப் போயின.

மறுநாள் காலையில் அவள் போய்ப் பார்த்தாள். பாதிச் சோளம் சாய்ந்து கிடந்தது. தின்றதைவிட மிதித்ததுதான் அதிகம். விதை போட்டது அவள், களை எடுத்தது அவள். வேலிக்கு அந்தப் பக்கம் தம்பியின் சோளம் பச்சைப் பசேலென்று நிமிர்ந்து நின்றது. முறிந்த கதிர் ஒன்றை எடுத்து உரித்துப் பார்த்தாள். பல் முளைக்காத பிள்ளை ஈறு மாதிரி மணி. இதைத் தின்றது பன்றி இல்லை, தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுதுவிட்டு வந்து, மறுபடி டெரிகாட்டன் வெட்டினாள். சோளம் போனால் அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் மழை பிடித்தது. விடாமல் பெய்து ஒரு நாள் வானம் வெளிவாங்கியதும் வெல்டர் தனியாகக் குவாரிக்குப் போனான். மண்மேட்டில் புதைந்த ஈயத்தைக் கிளறி எடுத்து உருக்கி மறுபடி குண்டு வார்க்கலாம் என்று கணக்கு. திரும்பி வந்தவன் ஈயத்தை மூலையில் கொட்டினான். சட்டைப்பையில் கையைவிட்டு இன்னொன்றையும் எடுத்தான். சுட்ட துணிகள், கை நிறைய. அவள் தைத்துக்கொண்டிருந்த மிஷின் பலகையில் பரப்பினான்.

“இது என்ன?”

“துணி.”

“துணிதான். இதப் பாரு. நடுவுல கரி, சுத்தி அப்படியே இருக்கு. நல்லாப் போன துணி. இதையும் பாரு. நடுவுல பொத்தல். ஓரத்தைத் தொட்டுப் பாரு.”

அவள் தொடவில்லை.

“தொடுடி! மணி மணியா, கெட்டியா இருக்கா? பருத்தி எரிஞ்சா சாம்பலாகும். இது எரிஞ்சது இல்ல, உருகினது. காலமெல்லாம் உருக்கறதுதான் எனக்குப் பொழைப்பு. எரிஞ்சதுக்கும் உருகினதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதுன்னு நெனச்சியா?”

அவன் கத்தவில்லை. அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

“ஆமா, டெரிகாட்டன்தான்,” என்றாள். “நான்தான் கலந்தேன்.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான்.”

“பன்னி தின்னுச்சே, அப்பவும் வாயத் தொறக்கலையேடி. உன் கையால நட்ட சோளம்.”

“தின்னட்டும். முதல் குண்டு பன்னிக்கு இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“கோவத்துல ஆயிரம் சொல்வேன்.”

“கோவம் வாயில இருந்தா நான் கேட்டுக்குவேன். நீங்க ஜன்னல்ல வச்சு உங்க தம்பி நெத்தியப் பாத்தீங்க. அவர் நிமிர்ற வரைக்கும் காத்திருந்து பாத்தீங்க. பன்னியச் சுடறதா இருந்தா இப்பவே நல்ல துணி தரேன். தம்பியச் சுட மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். அவன் மிஷின்மேல் கிடந்த துணியை உருவினான். யாரோ தலையணை உறை தைக்கக் கொடுத்த புதுப் பருத்தி. வாளித் தண்ணீரில் முக்கி அலசி, கொடியில் போட்டான். காய்ந்ததும் அவளுடைய கத்தரிக்கோலையே எடுத்து வட்டம் வெட்டினான். கோணல் மாணலாகத்தான் வந்தது. “இனிமே என் துணிய நான் வெட்டிக்கறேன். நீ உன் வேலையப் பாரு,” என்றான்.

அடுத்த லீவுக்கு அவன் மட்டும் போனான். அவள்மேல் இருந்த ஆத்திரத்தில் ஆளுக்கு எங்கிருந்தோ பொறுமை வந்துவிட்டது. அளந்து ஊற்றினான், கோடுவரை தள்ளினான், ஒவ்வொரு வெடிக்கும் பிறகு துடைத்தான், எதையும் மாற்றவில்லை. மத்தியானம் திரும்பி வந்தபோது கையில் அட்டை இருந்தது. ஐந்து ஓட்டையும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அவளிடம் காட்டவில்லை. நேராகப் பின்பக்கம் போய், தம்பி வீட்டுக்குத் தெரியும்படி மதில்மேல் தூக்கி வைத்துக் கல்லால் அழுத்தினான்.

“பன்னியெல்லாம் ஜாக்கிரதையா இருக்கட்டும்!” என்று மதிலைப் பார்த்துச் சத்தம் போட்டான்.

அவன் குளிக்கப் போனதும் தையல்காரி வாசல்வழியாக இறங்கித் தம்பி வீட்டுக்குப் போனாள். மூன்று வருடத்தில் முதல் தடவை. கதவைத் திறந்த ஓரகத்திக்குக் கண் விரிந்தது.

“அக்கா! நீங்களா? உள்ள வாங்க.”

“உக்கார வரல. அவர் இருக்காரா?”

தம்பி உள்ளேயிருந்து வந்தான். அண்ணன் முகத்தை அப்படியே உரித்து வைத்திருக்கும், கோபத்தையும் சேர்த்து.

“சொல்லுங்க அண்ணி.”

“உங்க அண்ணனுக்கு இப்ப குறி தப்பறதில்ல. நான் சொல்லிப் பாத்துட்டேன், கேக்கல. குழாயடிக்குப் போகாதீங்க. கொஞ்ச நாள் எங்கேயாவது போய் இருந்துட்டு வாங்க.”

“அட்டையப் பாத்தேன்,” என்றான் தம்பி. “என் வீட்டை விட்டு நான் எதுக்குப் போகணும்?” கட்டிலுக்கு அடியில் குனிந்து நீளமாக ஒன்றை இழுத்தான். சாக்கை உருவினான். அதே மாதிரி ரைஃபிள், இன்னும் புதுசாக எண்ணெய் மினுங்கியது. “வேலிக்குள்ள பன்னி வராது, பின்ன எதுக்குன்னு பாக்கறீங்களா? அண்ணன் எதுக்கு வாங்கினாரோ அதுக்குத்தான். அவர் ஜன்னல்ல நின்னு பாக்கறது எனக்குத் தெரியாதா? அவருக்கு ஒரு ஜன்னல் இருந்தா எனக்கும் ஒரு ஜன்னல் இருக்கு.”

இத்தனை நாளும் புருஷன் கொலைகாரன் ஆகிவிடுவானே என்றுதான் பயந்தாள். அவன் பிணமாகலாம் என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை.

“ஆனா ஒண்ணு அண்ணி,” என்றான் தம்பி. மதிலுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “எனக்குக் குறி நிக்கவே மாட்டேங்குது. ஒண்ணு நேராப் போகுது, ஒண்ணு வானத்துக்குப் போகுது. துணியப் பாருன்னு கடைக்காரர் சொன்னாரு. இவ என் பழைய சட்டைங்களக் கிழிச்சு வெட்டித் தரா. நீங்க துணியோட பொழங்கறவங்க. இது சரியான துணியா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

ஓரகத்தி ஒரு வட்டத் துணியை எடுத்து நீட்டினாள். அச்சு வைத்து வெட்டின மாதிரி சுத்தமான வட்டம். தையல்காரி வாங்கி இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தாள். வழுக்கியது. டெரிகாட்டன்.

அவனைக் காப்பாற்றத்தான் வந்தாள். அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிட்டவன், நம்பிக் கேட்கிறான். உள்ளது உள்ளபடி சொன்னால், மறுநாளே இவன் அட்டையும் மதில்மேல் ஏறும்.

“நல்ல துணி,” என்றாள். “இதையே போடுங்க. துணியில ஒண்ணும் இல்ல, உங்க கைதான் ஆடுது.”

“பாத்தீங்களா, நான் சொல்லல?” என்று ஓரகத்தி புருஷனைப் பார்த்தாள். பாவம், அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

வீட்டுக்கு வந்தபோது வெல்டர் ஈரத்தலையோடு கூடத்தில் நின்றிருந்தான்.

“அங்க எதுக்குடி போன?”

“நீங்க சுடப் போறீங்கன்னு சொல்லிட்டு வரப் போனேன்.”

“சொன்னியா? என்ன சொன்னான்? மூட்டை கட்டறானா?”

“அவரும் வாங்கியிருக்காரு. இதே துப்பாக்கிதான்.”

வெல்டர் துண்டைத் தலையிலிருந்து எடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். விளையாட்டு இல்லை என்று அவனுக்குப் புரிந்தது.

“குறி விழுதா அவனுக்கு?”

அவள் மிஷினில் உட்கார்ந்தாள். நூல் கோத்தாள். ஊசிக் கண்ணிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

“அவர் அட்டைய எடுத்துக் காட்டினாரு. அஞ்சும் ஒரே ஓட்டையில. உங்களைவிட நல்லா விழுது.”

வெல்டர் பின்பக்க ஜன்னலை இழுத்துச் சாத்தினான். பட்டப்பகலில் போய் வாசல் கதவையும் சாத்தினான். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்ததால் இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது.